கூரைச் சரிவுக்கு எவ்வளவு கொடுக்கலாம்?

வாசகர் கேள்வி-பதில்: கார் பக்கம்

இந்த முறை வந்த கேள்விகளில் பல ஒரே விஷயத்தைச் சுற்றியே இருந்தன. கொரியாக்காரர்கள் அழகாகச் செய்கிறார்கள், சரி, ஆனால் அதற்கு இந்த விலையா? அதனால் கூபே, அதாவது பின்பக்கம் சரிந்து இறங்கும் கூரை வைத்த கார், பற்றிய கடிதங்களை மட்டும் தனியாக எடுத்து வைத்து, கொஞ்சம் நீட்டியே பதில் எழுதியிருக்கிறேன். பைக் கேள்விகள் அடுத்த இதழில்.

வணக்கம் சார். என் கணவர் சில மாதங்களாக, ஹூண்டாயின் சொகுசு பிராண்டான ஜெனிசிஸின் ஜிவி80 கூபே என்று ஒரே பிடிவாதமாக இருக்கிறார். டீலர் காட்டியது மின்சார சூப்பர்சார்ஜர் வைத்த மேல் மாடல், 2025 வண்டி, ஆரம்ப விலையே 85,750 டாலர். அந்தக் காசுக்கு இரண்டு ஹூண்டாய் பாலிசேட் எஸ்யூவி வாங்கிவிடலாம் என்கிறேன் நான். பிஎம்டபிள்யூ எக்ஸ்6ஐ விட மலிவுதானே என்கிறார் அவர். இரண்டு பிள்ளைகள், வருடத்தில் பாதி நாள் என் பெற்றோரோ அவர் பெற்றோரோ எங்களோடு இருப்பார்கள். இந்த விலை நியாயமா?
— வாசகி, எடிசன், நியூ ஜெர்சி

நேராகவே சொல்லிவிடுகிறேன். உங்கள் வீட்டுக்கு இன்றைய நிலையில் அந்த மேல் மாடல் வேண்டாம். ஆனால் நீங்கள் சொல்லும் காரணத்துக்காக அல்ல. இரண்டு பாலிசேட் என்ற கணக்கு வாதத்தில் ஜெயிக்கும், காரைப் பற்றி ஒன்றும் சொல்லாது, உங்களுக்கு இரண்டு பாலிசேட் தேவையும் இல்லை. அவர் சொல்லும் எக்ஸ்6 கணக்கும் பாதிதான் சரி. எக்ஸ்6இன் ஆரம்ப மாடல் 2025இல் எழுபதாயிரங்களிலேயே தொடங்கிவிட்டது. ஜிவி80 கூபே 2025இல் தொடங்கியதே 79,950 டாலரில். எக்ஸ்6இல் ஒவ்வொரு பேக்கேஜாகச் சேர்த்துக்கொண்டே போய், கூபேயில் சும்மா வருவதையெல்லாம் அதிலும் போட்ட பிறகுதான் கொரியக் கார் மலிவாகத் தெரியும். அந்தக் கட்டத்தில் அவர் சொல்வது சரி, மறுக்கவில்லை.

கூபே வடிவத்தில் வரும் எந்தக் காரையும் எடைபோட நான் நம்பும் வழி ஒன்றுதான். பக்கத்து வீட்டுக்காரனோடு ஒப்பிடாதீர்கள், அதே வீட்டில் பிறந்த அண்ணனோடு ஒப்பிடுங்கள். ஜிவி80 கூபேக்கு அண்ணன் சாதாரண ஜிவி80. ஒரே சேஸிஸ், ஒரே வீல்பேஸ் (முன்சக்கரத்துக்கும் பின்சக்கரத்துக்கும் இடையிலான தூரம்), ஒரே டேஷ்போர்டு, அந்த 27 அங்குல ஓஎல்இடி திரை உட்பட. அண்ணன் 2025இல் 57,700 டாலரில் தொடங்கினார். பார்த்தால் 22,000 டாலர் வித்தியாசம் என்று பகீரென்று இருக்கும், ஆனால் அந்த விலையில் வருவது நாலு சிலிண்டர் 2.5 லிட்டர் டர்போ, 300 குதிரைத்திறன். கூபேயை அமெரிக்காவில் 3.5 லிட்டர் வி6 (ஆறு சிலிண்டர் இன்ஜின்) இல்லாமல் அவர்கள் விற்கவில்லை. அதனால் டீலரிடம் போய், அதே வி6 போட்ட, அதே அளவு வசதிகள் உள்ள சாதாரண ஜிவி80க்கு ஒரு கோட்டேஷன், கூபேக்கு ஒரு கோட்டேஷன், இரண்டையும் எழுத்தில் வாங்குங்கள். அப்போது வித்தியாசம் சில ஆயிரம் டாலராகச் சுருங்கிவிடும். கூரை சரிந்து இறங்குவதற்கு நீங்கள் கொடுக்கும் உண்மையான விலை அதுதான். மற்றதெல்லாம் இன்ஜினுக்கும் தோலுக்கும் ஸ்பீக்கருக்கும் போகிறது.

அந்தச் சில ஆயிரம் கொடுக்கத் தகுந்த வடிவமா என்றால், என் கண்ணுக்கு ஆம். இந்த வகையில் வந்த பல வண்டிகள் சாதாரண எஸ்யூவியின் பின்பக்கத்தைச் சீவி எடுத்தது போலத்தான் இருக்கும். இதில் கூரை முன்சீட்டுக்காரரின் தலையைத் தாண்டியதுமே இறங்க ஆரம்பித்துவிடுகிறது, அந்த இறக்கம் எங்கேயும் உடையாமல் பின்கண்ணாடி வழியாக வந்து டிக்கியின் விளிம்பில் ஒரு சிறிய மேல்தூக்கலில் நிற்கிறது. பக்கவாட்டில் இரண்டு கோடாக ஓடும் விளக்கை மாலை வெளிச்சத்தில் ஒருமுறை பார்த்துவிட்டால் உங்கள் கணவர் ஏன் விடமாட்டேன் என்கிறார் என்று புரிந்துவிடும். அவர் ஆசையில் தப்பு ஒன்றும் இல்லை.

பிரச்சினை அதே கூரைதான், உள்ளே இருந்து பார்க்கும்போது. உட்கார்ந்த பிறகு பின்சீட்டில் தலை இடிக்காது, எனக்கு இடிக்கவில்லை. ஏறும்போதுதான் கஷ்டம். பின்கதவைத் திறந்தால் மேல் விளிம்பு பின்னால் போகப் போகக் கீழே இறங்குகிறது. பிள்ளைகள் குனிந்து நுழைந்துவிடுவார்கள். முழங்கால் வலியோடு, ஒரு கையில் புடவைக் கொசுவத்தைப் பிடித்துக்கொண்டு, இன்னொரு கையால் கதவைப் பற்றி, கழுத்தையும் சேர்த்து மடக்கித்தான் அம்மாவால் அதில் ஏற முடியும். குளிர்காலத்தில் அந்தத் தடிமன் கோட்டும் சேர்ந்துவிடும். ஒரு நாளைக்கு இரண்டு முறை, ஆறு மாதம்.

அப்புறம் நியூவார்க் விமான நிலையம். பெற்றோர் வரும்போது 23 கிலோ பெட்டி நாலு, கைப்பெட்டி இரண்டு, முறுக்கு டப்பா வைத்த அட்டைப்பெட்டி ஒன்று. சாதாரண ஜிவி80இன் டிக்கி சுமார் 35 கன அடி, கூபேயில் சுமார் 30. ஐந்து கன அடிதானே என்று தோன்றும், ஆனால் போன இடம் எல்லாம் மேல்பக்கத்தில்தான் போயிருக்கிறது. பெரிய பெட்டியை நிமிர்த்தி வைத்தால் கதவு மூடும்போது சாய்ந்த கண்ணாடி அதில் வந்து உட்காரும். படுக்க வைத்தால் அடுத்த பெட்டிக்கு இடம் இல்லை. மூன்றாம் வரிசை சீட்டு கூபேயில் எந்த மாடலிலும் கிடையாது. டெஸ்ட் டிரைவ் போகும்போது உங்கள் வீட்டிலிருந்து இரண்டு பெரிய பெட்டிகளைக் காலியாகவே எடுத்துப் போங்கள், ஷோரூமிலேயே வைத்து மூடிப் பாருங்கள். டீலர் என்ன நினைப்பார் என்றெல்லாம் யோசிக்க வேண்டாம், இது 80,000 டாலர் விவகாரம்.

இப்போது அந்த மின்சார சூப்பர்சார்ஜர். இன்ஜினுக்குள் காற்றைத் திணிக்கும் இரட்டை டர்போ சுழன்று வேகம் பிடிக்க எடுக்கும் அந்த ஒரு நொடித் தயக்கத்தை நிரப்ப, 48 வோல்ட் மோட்டாரில் ஓடும் சின்ன கம்ப்ரஸர் ஒன்றை வைத்திருக்கிறார்கள். வேலை செய்கிறது, சந்தேகமே இல்லை. 375 குதிரைத்திறன் 409 ஆகிறது. அதற்கும் கூட வரும் சில அலங்காரங்களுக்கும் 5,800 டாலர். டர்ன்பைக் நெடுஞ்சாலையில் ஆபீஸ் போய்வரும் ஒருவருக்கு 375 குதிரையே வருடத்தில் பெரும்பாலான நாள் லாயத்தில்தான் கட்டிக் கிடக்கும். எதை எடுத்தாலும் பெட்ரோல் விஷயத்தில் கேலனுக்கு 20 மைல் எதிர்பார்க்காதீர்கள். இந்த மேல் மாடலை நான் யாருக்கும் சொல்லமாட்டேன்.

உங்கள் கணவருக்குப் பயன்படக்கூடிய ஒன்றைச் சொல்கிறேன். ஜெனிசிஸ் கார்கள் முதல் இரண்டு மூன்று வருடத்தில் லெக்ஸஸ், போர்ஷே அளவுக்கு விலையைத் தாங்கிப் பிடிப்பதில்லை. புதிதாக வாங்குகிறவருக்கு அது நஷ்டம், பொறுத்திருந்து வாங்குகிறவருக்கு அதுவே லாபம். ஆனால் ஒரு பொடி எழுத்து இருக்கிறது, அதைப் பலர் படிப்பதில்லை. அமெரிக்காவில் ஜெனிசிஸின் 10 வருட, ஒரு லட்சம் மைல் பவர்டிரெயின் (இன்ஜின், கியர்பாக்ஸ்) வாரண்டி முதல் உரிமையாளருக்கு மட்டும்தான். தெருவில் ஒருவரிடமிருந்து நேரடியாக வாங்கினால் அது 5 வருடம், 60,000 மைலாகச் சுருங்கிவிடும். கம்பெனி சான்றளித்த பழைய காராக டீலரிடம் வாங்கினால் அந்த 10 வருடம் திரும்பக் கிடைக்கும், வண்டி முதலில் விற்ற நாளிலிருந்து கணக்கு. அதனால் இப்போதைக்கு அண்ணனை வாங்குங்கள், அல்லது இருக்கிற காரையே ஓட்டுங்கள். பிள்ளைகள் தனியாகக் கார் ஓட்டும் வயது வந்ததும், சான்றளித்த 3.5 கூபே ஒன்றை, சூப்பர்சார்ஜர் இல்லாததை, அவருக்கு வாங்கிக் கொடுங்கள். அப்போது அதன் விலை முழுக்க முழுக்க நியாயமாக இருக்கும்.

வரி பற்றி ஒரு வார்த்தை. ஜிவி80 உல்சானில் தயாராகிக் கப்பலில் வருகிறது. கொரியக் கார்களுக்கு 2025 ஏப்ரலில் அமெரிக்கா 25 சதவீத வரி போட்டது, பிறகு அது 15 சதவீதமாக இறங்கியது. அதனால் பழைய விலைப் பட்டியலை வைத்துக்கொண்டு பேரம் பேசாதீர்கள்.

நான் இங்கே ஆராய்ச்சி மாணவன். சியோல் போகும்போதெல்லாம் ஜிவி80 கூபே கண்ணில் படுகிறது. சொந்த நாட்டிலேயே எட்டு கோடி வொன்னுக்கு மேல் என்கிறார்கள். இறக்குமதி வரி இல்லை, கப்பல் செலவு இல்லை, பிறகும் ஏன் இவ்வளவு?
— வாசகர், தேஜோன், தென் கொரியா

நல்ல கேள்வி, ஏனென்றால் வரியையும் கப்பலையும் கழித்துவிட்டால் வடிவத்துக்கு என்ன விலை வைக்கிறார்கள் என்பது கொரியாவில்தான் நேராகத் தெரியும். 2023இல் இரண்டும் சேர்ந்து வந்தபோது சாதாரண ஜிவி80 6 கோடியே 93 லட்சம் வொன்னில் தொடங்கியது, கூபே 8 கோடியே 25 லட்சத்து 50 ஆயிரத்தில். உங்கள் ஊரில் கூபேயும் அதே 2.5 லிட்டர் இன்ஜினில் கிடைக்கிறது. அதாவது ஒரு கோடியே 32 லட்சம் வொன் வித்தியாசம். கூபேயில் சில வசதிகள் சேர்ந்தே வருவதால் முழுத் தொகையும் கூரைக்கு என்று சொல்ல முடியாது, ஆனால் பெரிய பங்கு கூரைக்குத்தான்.

தகட்டைச் சாய்வாக வளைக்க அவ்வளவு செலவாகுமா? ஆகாது. அதற்குச் சாட்சி உங்கள் நாட்டிலேயே இருக்கிறது. புசானில் தயாரான ரெனோ எக்ஸ்எம்3, 2020இல் இரண்டு கோடி வொன்னுக்குள் தொடங்கியது. அதுவும் கூபே எஸ்யூவிதான், ஐரோப்பாவில் அர்கானா என்ற பெயரில் ஓடுகிறது. அதற்கும் முன்னால், பிஎம்டபிள்யூ எக்ஸ்6 2008இல் வந்து இந்த வகையையே உண்டாக்கியதாகப் பேர் வாங்குவதற்கு மூன்று வருடம் முன்பே, 2005இல் சாங்யோங் கம்பெனி ஆக்டியான் என்று சரிந்த கூரை வைத்த எஸ்யூவி ஒன்றை விட்டது. மூக்கு யாருக்கும் பிடிக்கவில்லை, அதனால் இந்தப் பெருமையை அதற்கு யாரும் கொடுப்பதில்லை. (அதே சாங்யோங்கைத்தான் 2011இல் நம் மகிந்திரா வாங்கியது, 2022இல் அது கேஜி குழுமத்திடம் போனது. 2024இல் கேஜி மொபிலிட்டி ஆக்டியான் பெயரையே மறுபடி எடுத்து ஒரு புதுக் கூபே எஸ்யூவி விட்டிருக்கிறது, ஜிவி80 கூபேயின் விலையில் பாதிகூட இல்லை.)

ஆக, சரிவு என்பது மலிவான சரக்கு. ஜெனிசிஸ் விற்பது எண்ணிக்கையில் குறைவு, குறைவான எண்ணிக்கைக்குத் தனியாக அச்சு வெட்ட வேண்டும், தனியாகக் கண்ணாடி வார்க்க வேண்டும், அந்தச் செலவு கொஞ்சம் பேர் தலையில் விழுகிறது. அது ஒரு காரணம். பெரிய காரணம், அந்த விலை கொடுக்க ஆள் இருக்கிறது என்பது. கொரியாவில் பெரிய கார்களில் கணிசமானவை கம்பெனிப் பெயரில் பதிவானவை. அதைக் கட்டுப்படுத்தத்தான் 2024 ஜனவரியிலிருந்து எட்டு கோடி வொன்னுக்கு மேற்பட்ட கம்பெனிக் கார்களுக்கு இளம்பச்சை நம்பர் பிளேட் கட்டாயம் ஆக்கினார்கள். கூபேயின் விலை அந்தக் கோட்டை ஒட்டியே நிற்கிறது. அடுத்த முறை சியோலில் பார்க்கும்போது நம்பர் பிளேட்டின் நிறத்தைக் கவனியுங்கள். வெள்ளை பிளேட் என்றால் பெரும்பாலும் சொந்தக் காசு, அல்லது அந்த விதி வருவதற்கு முன் வாங்கியது.

கியாவின் மின்சாரக் கார் ஈவி6 டெஸ்ட் டிரைவ் போய் வந்ததிலிருந்து தூக்கம் போச்சு. எக்ஸ்-ஷோரூமே 65.90 லட்சம். ஹூண்டாய் அயோனிக் 5 அதைவிடச் சுமார் 20 லட்சம் குறைவு. இரண்டும் ஒரே பிளாட்ஃபார்ம் என்கிறார்கள். மில் வேலையாக மாதத்தில் இரண்டு முறை சென்னை போவேன். கூடுதல் 20 லட்சம் தகுமா?
— வாசகர், கோவை

ஈவி6ஐ கியா கிராஸ்ஓவர் (காரும் எஸ்யூவியும் கலந்த வகை) என்றுதான் அழைக்கிறது, இருந்தாலும் அந்தச் சரிந்த கூரையும் பின்புற விளக்கு வளைவும் கூபேக்கு உரியவைதான், அதனால் இங்கே சேர்த்துக்கொள்கிறேன். அண்ணன் கணக்கு இதற்கும் பொருந்தும். அயோனிக் 5தான் அண்ணன், இரண்டும் ஹூண்டாய் குழுமத்தின் ஒரே மின்சார அடித்தளத்தில், 800 வோல்ட் அமைப்பில் நிற்பவை.

20 லட்சத்தைப் பிரித்துப் பார்ப்போம். 2025 மார்ச்சில் வந்த புது ஈவி6இல் 84 கிலோவாட்-மணி பேட்டரி, முன்னால் ஒன்று பின்னால் ஒன்று என இரண்டு மோட்டார், நாலு சக்கர ஓட்டம், 325 குதிரைத்திறன். அயோனிக் 5இல் 72.6 கிலோவாட்-மணி, பின்பக்கம் ஒரே மோட்டார், 217 குதிரைத்திறன். இதற்கு நியாயமாக ஒரு தொகை ஒதுக்கலாம், பெரிய பேட்டரி ஒன்றும் சும்மா வராது. மீதியில் பெரும்பகுதி எங்கே போகிறது தெரியுமா? துறைமுகத்தில். ஈவி6 கொரியாவிலிருந்து முழுக் காராக வந்து இறங்குகிறது. அப்படி வரும் காருக்கு இந்தியாவில் சுங்க வரி குறைந்தது 70 சதவீதம், காரின் விலை 40,000 டாலரைத் தாண்டினால் 100ஐயும் தாண்டும். அயோனிக் 5 பிரித்த பாகங்களாக வந்து, ஸ்ரீபெரும்புதூர் பக்கம் இருங்காட்டுக்கோட்டையில், ஒரு காலத்தில் சான்ட்ரோ வெளிவந்த அதே தொழிற்சாலையில் பூட்டப்படுகிறது. அதனால்தான் 2023இல் அதை 44.95 லட்சத்துக்கு அறிவிக்க முடிந்தது, பிறகு 46.05 லட்சம் ஆனது. கியாவுக்கும் ஆந்திராவில் பெனுகொண்டாவில் பெரிய தொழிற்சாலை இருக்கிறது. ஈவி6ஐ அங்கே பூட்டவில்லை. இந்த முடிவுக்கான விலையை நீங்கள் கட்ட வேண்டியிருக்கிறது என்பது எனக்கு உண்மையிலேயே வருத்தம், ஏனென்றால் கார் அவ்வளவு நல்ல கார். 2022இல் ஐரோப்பாவின் சிறந்த கார் விருது வாங்கியது, அதற்கு முன் எந்தக் கொரியக் கம்பெனிக்கும் அது கிடைத்ததில்லை.

சென்னைப் பயணத்துக்கு வருவோம். கோவை-சென்னை 500 கிலோமீட்டர். ஈவி6க்கு வாகனச் சோதனை அமைப்பான ஏஆர்ஏஐ சொல்லும் தூரம் ஒரு முழு சார்ஜுக்கு 663, அயோனிக் 5க்கு 631. நெடுஞ்சாலையில் ஏசி போட்டு நூறில் ஓட்டினால் முக்கால் பங்கு வரும் என்று வைத்துக்கொள்ளுங்கள். ஆக ஈவி6இல் ஒரே மூச்சில் போய்விடலாம் போலத் தோன்றினாலும் சேலம் தாண்டி எங்காவது ஒரு தடவை சார்ஜ் போடத்தான் போகிறீர்கள், அயோனிக் 5இலும் அதே ஒரு தடவைதான். 18 நிமிடத்தில் 10இலிருந்து 80 சதவீதம் என்பது 350 கிலோவாட் சார்ஜரில் கிடைக்கும் கணக்கு. நம் நெடுஞ்சாலை ஓட்டல் வாசல்களில் பெரும்பாலும் நிற்பவை 60, 120 கிலோவாட் இயந்திரங்கள். அங்கே இரண்டு காரும் ஏறக்குறைய ஒரே வேகத்தில்தான் நிரம்பும், டிபன் சாப்பிட்டு காபி குடிக்க உங்களுக்கு நேரம் இருக்கும்.

பின்சீட்டில் அயோனிக் 5தான் ஜெயிக்கிறது, சந்தேகம் இல்லாமல். வீல்பேஸ் 3,000 மில்லிமீட்டர், ஈவி6க்கு 2,900, அதோடு அயோனிக்கின் கூரை கடைசிவரை உயரமாகவே போகிறது. இரண்டிலும் அடியில் பேட்டரி இருப்பதால் தரை உயர்ந்து முழங்கால் தூக்கிக்கொண்டு நிற்கும், தொடைக்குக் கீழே தாங்கல் குறைவு. ஈவி6இல் அந்தச் சங்கடத்தோடு தலைக்கு மேல் கூரையும் நெருங்கி வருவதால் மூன்று மணி நேரத்துக்கு மேல் பின்னால் உட்கார்ந்து வருபவர் முனகுவார். நீங்களே ஓட்டுவதாக இருந்தால் இது பொருட்டில்லை. டிரைவர் வைத்துப் பின்னால் உட்காருபவர் என்றால் இந்தப் பதிலை இங்கேயே நிறுத்திவிட்டு அயோனிக் 5 வாங்குங்கள்.

இரண்டுக்கும் பொதுவான ஒரு கோளாறு உண்டு, தெரிந்துகொண்டு வாங்குங்கள். ஐசிசியு எனப்படும் சார்ஜிங் கட்டுப்பாட்டு யூனிட். அதில் பழுது வந்தால் சின்ன 12 வோல்ட் பேட்டரி நிரம்பாமல் போய், எச்சரிக்கை விளக்குகள் எரிந்து, வண்டி வேகம் குறைந்து ஓரம்கட்ட வேண்டிவரும். பெரிய பேட்டரி முக்கால்வாசி நிரம்பியிருக்கும்போதுகூட இது நடக்கலாம் என்பதுதான் இதில் எரிச்சல். இந்தியாவில் 2024இல் அயோனிக் 5 வண்டிகள் 1,744ஐயும், ஈவி6 வண்டிகள் ஆயிரத்துச் சொச்சத்தையும் இதற்காகத் திரும்ப அழைத்தார்கள். எதை வாங்கினாலும், பழைய வண்டியாக இருந்தால், அந்த வேலை முடிந்ததற்கான சர்வீஸ் பதிவைக் கையில் வாங்குங்கள்.

என் தீர்ப்பு: புது ஈவி6க்கு 20 லட்சம் கூடுதல் தகாது. அந்தப் பணத்தில் மோட்டாருக்கும் பேட்டரிக்கும் போகும் பங்கு நியாயம், சரிவுக்குப் போகும் பங்கை உங்கள் மனசு தீர்மானிக்கட்டும், வரிக்குப் போகும் பங்கோ நீங்கள் என்றைக்கு விற்றாலும் திரும்ப வராது. தூக்கம் வரவே இல்லை என்றால் ஒரு வழி சொல்கிறேன். 2022, 2023 ஈவி6 வண்டிகள் நல்ல நிலையில் பழைய கார் சந்தைக்கு வருகின்றன, முதல் உரிமையாளர் அந்த வரியையெல்லாம் ஏற்கெனவே கட்டிவிட்டார். பேட்டரிக்கு இன்னும் வாரண்டி காலம் மீதி இருக்கும். அதை வாங்குங்கள். வடிவம் அதேதான், முகவிளக்கு மட்டும் பழையது, எனக்குக் கேட்டால் அந்தப் பழைய முகவிளக்குதான் அழகு.

ஜெனிசிஸ் கார் இந்தியாவுக்கு வருமா? வந்தால் கூபே வருமா?
— வாசகர், அண்ணா நகர், சென்னை

2027க்குள் கொண்டுவருவோம் என்று ஹூண்டாய் 2025 அக்டோபரில் அறிவித்திருக்கிறது. எந்த மாடல், என்ன விலை என்பதெல்லாம் அப்போது பேசலாம். நீங்கள் கவனிக்க வேண்டியது, முழுக் காராக இறங்குகிறதா, இங்கே பூட்டப்படுகிறதா என்பது மட்டும்தான். கோவை நண்பருக்குச் சொன்ன அதே கணக்கு. அதற்காக இப்போது வாங்க நினைக்கும் காரைத் தள்ளிப்போடாதீர்கள்.

மகனுக்கு 21 வயசு. பழைய ஹூண்டாய் ஜெனிசிஸ் கூபே, 2013ஆம் ஆண்டு, 3.8 இன்ஜின், கைக்கியர், ஒன்று பார்த்து வைத்துக்கொண்டு அதைப் பற்றியே கதைத்துக்கொண்டு திரிகிறான். பத்து வருசத்துக்கு மேல் பழசான கொரியன் வாகனத்துக்கு விற்கிறவர் கேட்கிற விலை எனக்கு அதிகமாகப் படுகுது. வாங்கிக் கொடுக்கலாமோ?
— வாசகர், ஸ்கார்பரோ, கனடா

உங்கள் மகனுக்கு நல்ல ரசனை. அது உண்மையான கூபே, இரண்டு கதவு, பின்சக்கர ஓட்டம். கொரியாக்காரர்கள் 1990இல் ஹூண்டாய் ஸ்கூப் என்று தொடங்கி, 1996இல் டிபுரான், 2008இல் இந்த ஜெனிசிஸ் கூபே, 2011இல் ஒரு பக்கம் ஒரு கதவும் மறுபக்கம் இரண்டும் வைத்த வெலாஸ்டர் என்று வரிசையாகச் செய்து பார்த்தார்கள். அந்த வரிசையில் பின்சக்கரத்தில் ஓடியது இது ஒன்றுதான். 2016இல் உற்பத்தியை நிறுத்திவிட்டார்கள், அதற்குப் பதிலாக வேறொன்று இன்றுவரை வரவில்லை. இரண்டு கதவு வண்டி வாங்க ஆள் குறைந்துபோய், அந்த ஆசை எல்லாம் சரிந்த கூரை எஸ்யூவி பக்கம் போய்விட்டது. நல்ல நிலையில் இருக்கும் 3.8க்கு விலை இறங்காமல் நிற்பது இதனால்தான். 2013 மாடலில் அந்த வி6 348 குதிரைத்திறன் தரும், ஆறு கியர் மேனுவலோடு அது ஓட ஓட இனிக்கும் வண்டி. அதனால் விற்பவர் கேட்கும் விலையைப் பார்த்து மட்டும் வேண்டாம் என்று சொல்லிவிடாதீர்கள்.

உங்களுக்கு உண்மையான செலவு வேறு இடத்தில் இருக்கிறது. 21 வயதுப் பையன், 348 குதிரைத்திறன், இரண்டு கதவு, ஸ்கார்பரோ முகவரி: இந்த நாலையும் சேர்த்தால் இன்சூரன்ஸ் பிரீமியம் சில வருடத்தில் காரின் விலையையே எட்டிப் பிடிக்கும். விற்பவரிடமிருந்து விஐஎன் எனப்படும் வண்டியின் அடையாள எண்ணை வாங்கி, மகனைப் பிரதான ஓட்டுநராகப் போட்டு, இரண்டு மூன்று கம்பெனியில் எழுத்தில் கோட் எடுங்கள். உங்கள் பெயரில் போட்டுவிட்டு அவர் ஓட்டலாம் என்று யாராவது புத்தி சொன்னால் கேட்காதீர்கள், விபத்து என்று வந்தால் கம்பெனி பணம் தர மறுக்க அதுவே போதும்.

அடுத்து பனி. பின்சக்கர ஓட்டத்தில் அவ்வளவு சக்தியை வைத்துக்கொண்டு கோடை டயரில் ஜனவரி மாதம் சரிவான பார்க்கிங்கிலிருந்து வெளியே எடுப்பதே பாடு. குளிர்கால டயர் ஒரு செட், தனி ரிம்மோடு, காரின் விலையோடு சேர்த்தே கணக்குப் போடுங்கள். ஒன்டாரியோவில் அது கட்டாயம் இல்லை, ஆனால் போட்டால் இன்சூரன்ஸ் கம்பெனிகள் தள்ளுபடி தந்தாக வேண்டும். பின்சீட் என்று ஒன்று இருக்கிறது, அதில் பெரியவர் யாரையும் உட்கார வைக்க முடியாது, தலை பின்கண்ணாடியில் முட்டும். வீட்டில் வேறு கார் இருந்தால் மட்டும் இதை வாங்குங்கள்.

இவ்வளவுக்கும் சரி என்றால் வண்டியைப் பார்க்கப் போகலாம். இந்த மாடலைப் பலர் வாங்கி மாற்றியமைத்து, சறுக்கி விளையாடி, பிறகு பழைய பாகங்களைத் திரும்பப் பூட்டி விற்கிறார்கள். சைலன்சர், சஸ்பென்ஷன், ஏர் ஃபில்டர் பெட்டி எல்லாம் கம்பெனியுடையதுதானா என்று பாருங்கள். பின்டயர் இரண்டும் ஒரே பிராண்டா, ஒரே தேய்மானமா? மூன்றாவது கியரில் மெதுவாகப் போய்க்கொண்டே திடீரென்று ஆக்ஸிலரேட்டரை முழுக்க அழுத்தச் சொல்லுங்கள், இன்ஜின் சத்தம் மட்டும் ஏறி வேகம் ஏறவில்லை என்றால் கிளட்ச் முடிந்துவிட்டது, அந்தச் செலவை விலையில் கழிக்கச் சொல்லுங்கள். கடைசியாக, உங்களுக்குத் தெரிந்த மெக்கானிக்கிடம் ஒரு மணி நேரம் லிஃப்டில் ஏற்றிப் பார்க்க வேண்டும் என்று கேளுங்கள். விற்பவர் அதற்குத் தயங்கினால், எவ்வளவு குறைத்துக் கொடுத்தாலும், மகனைக் கூட்டிக்கொண்டு அடுத்த வண்டியைப் பார்க்கப் போய்விடுங்கள்.